கார்டு வரும் வரை எந்த ப்ராசசர்?

கேள்வி: வணக்கம் சார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டுக்கு முதல்முறையாக ஒரு டெஸ்க்டாப் வாங்கப் போகிறோம். பகலில் அக்காவின் ஆன்லைன் வகுப்பும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் அதில்தான் நடக்கும். ராத்திரி எனக்கு. வலோரன்ட், ஜிடிஏ 5 இரண்டும்தான் அதிகம் விளையாடுவேன். சைபர்பங்க் 2077 விளையாட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கிராபிக்ஸ் கார்டு வாங்க இப்போது பணம் போதாது. வேலைக்குப் போனதும், இரண்டு வருடத்தில் வாங்கிவிடுவேன். மூன்று கோட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது ரைசன் 5 5600ஜி, இரண்டாவது ரைசன் 5 8500ஜி, மூன்றாவது கோர் ஐ3 12100எஃப், அதோடு யாரோ பயன்படுத்திய ஆர்எக்ஸ் 580 கார்டு. மூன்றிலும் 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். இன்னொன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நண்பன் ஒருவன் 8600ஜி வாங்கு என்கிறான். எதை எடுப்பது?

பதில்: தம்பிக்கு வணக்கம். மூன்று கோட்டேஷனையும் இரண்டு தடவை படித்தேன். என் கண் போய் நின்றது ப்ராசசர் பெயரில் இல்லை, ரேம் இருக்கும் வரியில். ‘16 ஜிபி, ஒரே ஸ்டிக்’ என்பது தனியாக கார்டு போட்ட மெஷினில் பெரிய குறை இல்லை. கார்டு இல்லாமல் விளையாடப் போகிறவருக்கு அது பெரிய குறை. அதைச் சரிசெய்யாமல் எந்த ப்ராசசரை எடுத்தாலும் அதன் முழு வேகம் உங்கள் கைக்கு வராது. அதனால் முதலில் ரேமைப் பேசிவிடுவோம்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் அதன் பலகையிலேயே அதற்கென்று தனி மெமரி இருக்கும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஒரு சின்ன கார்டு. அதன் மெமரியே நொடிக்கு 128 ஜிபி தரவைக் கொடுத்து வாங்கும். ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. சிஸ்டம் ரேமைத்தான் ப்ராசசரோடு பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபிதான். இரண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில், ஓடினால் 51.2. அதிலும் ஒரு பங்கை ப்ராசசர் எடுத்துக்கொள்ளும். 1080பி (1920 x 1080) திரையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள் இருக்கின்றன. நொடிக்கு 60 தடவை அவ்வளவையும் வரைய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் டெக்ஸ்ச்சரை (மேற்பரப்பின் படத்தை) மெமரியில் போய் எடுத்து வர வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், தரவு வந்து சேரும் வரை சும்மா காத்திருக்கத்தான் வேண்டும். இந்த வகை ப்ராசசர்களில் கேமின் வேகத்துக்குப் பெரும்பாலும் முதலில் தடையாவது ரேம்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பள்ளிப் பையனுக்கு அசெம்பிள் செய்து கொடுத்த மெஷினில். ரைசன் 3 2200ஜி வந்த 2018ஆம் வருடம் அது. பட்ஜெட்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காகப் போட்டேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தான். கேம் ஓடுகிறது, ஆனால் திரும்பும்போதெல்லாம் சிக்கிச் சிக்கி நிற்கிறது என்றான். டிரைவரை மாற்றினேன், விண்டோஸை அழித்துப் போட்டேன், ஒன்றும் உதவவில்லை. கடைசியில் அந்த ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு 4 ஜிபி ஸ்டிக் இரண்டைப் போட்டேன். அளவு அதே 8 ஜிபிதான். அதே கேம், அதே செட்டிங்ஸ், சிக்கல் இல்லாமல் ஓடியது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்த ஒரு வாரம் அவனுக்கு வீணானது என்னால். அன்றிலிருந்து ‘ஜி’ ப்ராசசருக்கு, அதாவது உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ப்ராசசருக்கு, ஒற்றை ஸ்டிக் போட்டு நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

எனவே எந்தக் கோட்டேஷனை எடுத்தாலும் 16 ஜிபி ஒன்றுக்குப் பதிலாக 8 ஜிபி இரண்டு என்று மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது நடைமுறையில் அவ்வளவு சுலபம் இல்லை. அதே மாடல் அப்போது கிடைக்காமல் போகலாம், வேறு ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் மெஷின் தொல்லை கொடுக்கலாம். 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியதைப் பார்த்தோம். பிறகு விலை குறையும் என்று நம்பித் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான்.

சரி, இப்போது ப்ராசசருக்கு வருவோம். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நன்றாகப் பாருங்கள். ரைசன் செய்யும் ஏஎம்டியில் 5600ஜியில் கிராபிக்ஸ் உண்டு, 5600இல் கிடையாது. 5500இலும் கிடையாது. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஏஎம்டியும் 8400எஃப், 8700எஃப் என்று அதே எழுத்தை வைத்திருக்கிறது. எழுத்து இல்லாத ரைசன் 7000 வரிசையில் கிராபிக்ஸ் இருக்கிறது, ஆனால் திரையில் படம் வருவதற்கு மட்டும் போதுமான அளவில், வெறும் இரண்டு யூனிட் (படம் வரையும் பகுதி). அதை நம்பி கேம் விளையாட முடியாது. வாங்கிக்கொண்டு போன பிறகு மானிட்டரில் எதுவும் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பலருக்கு இந்த ஓர் எழுத்துதான் பிரச்சினையாக இருந்தது.

5600ஜி 2021இல் கடைகளுக்கு வந்தது. ஆறு கோர் (கணக்கிடும் மையங்கள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யும் வேலைகள்), ஜென் 3 என்ற கட்டமைப்பு. கிராபிக்ஸ் மட்டும் வேகா என்ற பழைய தலைமுறை, அதில் ஏழு யூனிட். வலோரன்ட் 1080பியில் லோ செட்டிங்ஸில் 100 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 ஃப்ரேம்) மேல் தாராளமாகப் போகும். ஜிடிஏ 5க்கு 2025இல் ‘என்ஹான்ஸ்டு’ என்று கனமான பதிப்பு ஒன்று வந்திருக்கிறது. நீங்கள் பழைய லெகசி பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள், நார்மல் செட்டிங்ஸில் 60ஐ ஒட்டி ஓடும். இரண்டுமே டூயல் சேனல் ரேம் இருந்தால்தான்.

8500ஜியைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் எண்ணம், நம்பர் பெரிது, 2024இல் வந்தது, அதனால் நல்லது என்பதுதான். நண்பர் சொன்ன 8600ஜிக்கும் இதற்கும் நூறுதான் வித்தியாசம் என்றும் தோன்றும். உள்ளே திறந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு சிப். 8600ஜியில் ரேடியான் 760எம் கிராபிக்ஸ், எட்டு யூனிட். 8500ஜியில் 740எம், நாலே யூனிட். ஆறு கோரிலும் இரண்டு மட்டும்தான் முழு ஜென் 4, மீதி நாலும் குறைந்த வேகத்தில் ஓடும் சிறிய ஜென் 4சி. கட்டமைப்பு புதிது என்பதால் நாலு யூனிட்டை வைத்தே அது 5600ஜியைக் கொஞ்சம் முந்தும். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக ஏஎம்5 என்ற புதிய சாக்கெட் உள்ள மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் என்று எல்லாவற்றையும் கூடுதல் விலையில் வாங்க வேண்டும். உங்கள் கோட்டேஷனில் அந்த டிடிஆர்5கூட ஒற்றை ஸ்டிக். அப்படி வாங்கினால் டிடிஆர்4 இரண்டு ஸ்டிக் போட்ட 5600ஜியைவிட மெதுவாகவே அது ஓடக்கூடும். மூன்றில் நான் முதலில் தள்ளிவைப்பது இதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிறகு கார்டு போடும்போது, அந்தக் கார்டு ப்ராசசரோடு பேசும் பாதையை 8500ஜி நாலு லேனாகச் சுருக்கிவிடுகிறது. 8600ஜி எட்டு லேன் கொடுக்கும். 5600ஜி பதினாறும் கொடுக்கும், ஆனால் அந்தப் பாதையின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 வேகத்தில். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி நடுத்தரக் கார்டுகள் எட்டு லேன்தான் கேட்கின்றன. அவற்றுக்கு 5600ஜியும் 8600ஜியும் போதும். 8500ஜியில் போட்டால் இழப்பு இருக்கும். கார்டு வாங்குவேன் என்று உறுதியாகச் சொல்கிற உங்களுக்கு இது முக்கியம்.

மூன்றாவது கோட்டேஷன்தான் என்னை யோசிக்க வைத்தது. வேகத்தை மட்டும் பார்த்தால் 12100எஃப்பும் ஆர்எக்ஸ் 580 கார்டும் சேர்ந்த மெஷின் மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிடும். அந்தக் கார்டின் மெமரி நொடிக்கு 256 ஜிபி. மேலே சொன்ன 51.2ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12100எஃப்பும் நாலே கோர் என்றாலும் கேமுக்கு நல்ல ப்ராசசர். நீங்கள் தனியாக ஹாஸ்டலில் விளையாடுகிற ஆளாக மட்டும் இருந்திருந்தால், கார்டை நேரில் ஓட்டிப் பார்த்து எடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் அது அக்காவின் வகுப்பும் நடக்கும் மெஷின். ஆர்எக்ஸ் 580 2017இல் வந்த கார்டு. யார் கையில் எத்தனை வருடம் ஓடியது, கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக ஓடியதா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதே பெயரில் 2048எஸ்பி என்று ஒன்று சுற்றுகிறது, அது உண்மையில் ஆர்எக்ஸ் 570. எல்லாம் சரியாக இருந்தாலும், ஒரு நாள் அந்தக் கார்டு நின்றுபோனால் ‘எஃப்’ ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லாததால் மானிட்டரில் ஒன்றும் வராது. இன்னொரு கார்டு வரும் வரை மெஷின் மூலையில் கிடக்கும். பரீட்சை நேரத்தில் அப்படி ஆனால் அக்கா என்ன செய்வார்? வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டருக்கு, பழைய கார்டை மட்டுமே நம்பி நிற்கும் அமைப்பை நான் சொல்ல மாட்டேன்.

12100எஃப்புக்குப் பதில் வெறும் 12100 எடுக்கலாமே என்றால், அதில் யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. வீடியோ வேலைக்கு நல்லது, அக்காவுக்குப் பிடிக்கும். வலோரன்ட்டும் ஓடும். ஜிடிஏ 5இலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். கார்டு ஆறு மாதத்தில் வருகிறது என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் கார்டு வந்த பிறகு உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குக் கொடுத்த காசு சும்மாதான் இருக்கும். இரண்டு வருடம் காத்திருக்கப் போகிறீர்கள் என்பதால்தான் கணக்கு 5600ஜி பக்கம் சாய்கிறது.

நண்பர் சொன்ன 8600ஜி நல்ல ப்ராசசர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிடிஆர்5 6000 ரேம் இரண்டு ஸ்டிக் போட்டால் நொடிக்கு 96 ஜிபி வரை போகும், ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் திசையில் பாதி தூரத்துக்கு மேல் வந்துவிடும். மதர்போர்டையும் பிறகு மாற்ற வேண்டியிருக்காது, ஏஎம்5க்குப் புதிய ப்ராசசர்களை 2027 வரையாவது கொடுப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் இது நன்றாக ஓட ஒரு நிபந்தனை இருக்கிறது, இரண்டு ஸ்டிக் டிடிஆர்5க்கும் சேர்த்துக் கையில் பணம் இருக்க வேண்டும். அவ்வளவு பணத்துக்கு வழி இருந்தால் ஒரு தடவை யோசியுங்கள், அந்தப் பணத்தில் 12100எஃப்போடு சின்னதாக ஒரு புதிய கார்டே வந்துவிடுமா என்று விசாரியுங்கள். பல நேரம் வந்துவிடும். வந்தால் கேமுக்கு அதுதான் மேல். 8600ஜி மாதிரி விலை கூடிய ‘ஜி’ ப்ராசசர்களுக்கு எப்போதும் இந்தச் சங்கடம் உண்டு.

சைபர்பங்க் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. 5600ஜியில் 720பி, லோ செட்டிங்ஸில் வைத்தாலும் 30 எஃப்பிஎஸ்ஸை ஒட்டித்தான் நிற்கும், கூட்டமான தெருக்களில் அதற்கும் கீழே இறங்கும். கேமில் எஃப்எஸ்ஆர் என்ற வசதி இருக்கிறது. 1080பியில் அதை ‘குவாலிட்டி’யில் வைத்தால் உள்ளே 720பியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும், ‘பர்ஃபாமன்ஸ்’ என்றால் 540பி. வேகம் கொஞ்சம் கூடும், படம் மங்கும். கதையைத் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஊரின் வெளிச்சத்தையும் மழையையும் அந்த மங்கலில் பார்த்து முடித்துவிட வேண்டாம் என்பது என் ஆசை. அதைக் கார்டு வரும் நாளுக்கு வைத்திருங்கள். 8600ஜியில் எஃப்எஸ்ஆரோடு 1080பியில் 40க்கு மேல் கிடைக்கும், அதில் விளையாடலாம். எதில் விளையாடினாலும் எஸ்எஸ்டியில் போடுங்கள். 2023இல் வந்த 2.0 அப்டேட்டிலிருந்து அந்த கேம் எஸ்எஸ்டியைத்தான் குறைந்தபட்சத் தேவையாகக் கேட்கிறது.

5600ஜியின் இன்னொரு குறையையும் தெரிந்து வாங்குங்கள். வேகாவில் ரே ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி) கிடையாது. 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி சில புதிய கேம்கள் ரே ட்ரேசிங் இல்லாத கிராபிக்ஸில் ஓடாது, செட்டிங்ஸைக் குறைத்தாலும் பயன் இல்லை. வேகாவுக்கான டிரைவரையும் ஏஎம்டி 2023இலேயே தனிக் கிளையாகப் பிரித்துவிட்டது, புதிய கேம்களுக்கான மேம்பாடு அதில் அதிகம் வராது. நீங்கள் விளையாடும் இரண்டு கேமுக்கும் இது தடையில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் வரும் பெரிய கேம்களையெல்லாம் வந்த அன்றே விளையாட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்தான் இது உறுத்தும்.

ஆக, என் முடிவு 5600ஜி. ரேம் 8 ஜிபி இரண்டு, 3200 வேகம். 3600 கிடைத்தால் இன்னும் நல்லது. மதர்போர்டு பி550, பின்பக்கம் எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மதர்போர்டும் விற்கிறார்கள், அதில் ‘ஜி’ போட்டும் பிரயோஜனம் இல்லை. ப்ராசசரோடு வரும் கூலரே போதும், தனியாகக் கூலர் வாங்காதீர்கள். அந்தக் காசை பவர் சப்ளையில் போடுங்கள். கோட்டேஷனில் அந்த இடத்தில் கம்பெனி பெயர் இல்லாமல் ‘450 வாட்’ என்று மட்டும் இருக்கிறது. நம்பகமான ஒரு 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று உள்ளதை வாங்கினால் ஆர்எக்ஸ் 6600 மாதிரி 132 வாட் எடுக்கும் கார்டைப் பிறகு பயமில்லாமல் போடலாம். கேபினெட்டில் வண்ண விளக்கு வேண்டாம், நீளமான கார்டு உள்ளே நுழைய இடமிருந்தால் சரி.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸுக்குள், போவது. ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்யாத வரை அது பெரும்பாலும் 2133 அல்லது 2666 வேகத்தில்தான் ஓடும். ஏஎம்5இல் இதற்கு எக்ஸ்போ என்று பெயர். வருடக்கணக்காக இதை ஆன் செய்யாமலே விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே ‘யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்’ என்று ஒன்று இருக்கும், கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேமின் அளவு அது, அதை 2 ஜிபியில் வையுங்கள். கிராபிக்ஸ் மெமரி எவ்வளவு என்று கேட்டுச் சரிபார்க்கும் கேம்களுக்கு அது உதவும். மீதி 14 ஜிபி அக்காவின் எடிட்டிங்குக்குச் சின்ன வீடியோக்கள் வரை தாங்கும். வலோரன்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், பயாஸில் இருக்கும்போதே அவற்றையும் ஆன் செய்துவிடுங்கள்.

மதர்போர்டில் நாலு ரேம் ஸ்லாட் இருந்தால், ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில்தான் ஸ்டிக்குகள் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஸ்லாட்டிலோ கடைசி இரண்டிலோ செருகியிருந்தால் சிங்கிள் சேனலில் ஓடும், இரண்டு ஸ்டிக் வாங்கியும் பலன் இருக்காது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ‘டூயல்’ என்றோ ‘2 x 64 பிட்’ என்றோ காட்ட வேண்டும். மனசு மாறி டிடிஆர்5 பக்கம் போனால் ஒரு விஷயம் கவனம்: ஒரு டிடிஆர்5 ஸ்டிக்குக்குள்ளேயே 32 பிட் சேனல் இரண்டு இருக்கும், அதனால் ஒற்றை ஸ்டிக்கையும் அது ‘2 x 32 பிட்’ என்று காட்டும். இரண்டு என்று பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள், ‘4 x 32 பிட்’ என்று வந்தால்தான் டூயல் சேனல்.

இரண்டு வருடம் கழித்துக் கார்டு வாங்கிப் போடும் அன்று, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி கார்டில் செருகுங்கள். மறந்துவிட்டு, கார்டு போட்டும் கேம் பழைய வேகத்தில்தான் ஓடுகிறது என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. பயாஸில் ஒதுக்கிய அந்த 2 ஜிபியையும் ‘ஆட்டோ’வுக்கு மாற்றிவிடுங்கள், ரேமில் பெரும்பகுதி அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்கப்புறம் சைபர்பங்கைத் தொடங்குங்கள்.